யாழ்ப்பாணத்தில் திரைப்பட விழாவுக்கு முதல் தடவை போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமா விழாக் காலம் வந்தால் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் சந்தியில் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள், சிலர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் விமர்சகர் இல்லை. ஒவ்வொரு விழாவுக்கும் விடாமல் போய் உட்காருகிற ஒரு பார்வையாளர், அவ்வளவுதான்.

இது என்ன விழா? நடிகர்கள் வருவார்களா?

யாழ்ப்பாணம் சர்வதேச சினிமா விழா 2015 இல் தொடங்கியது. திரைப்பட இயக்குநரான அனோமா ராஜகருணாதான் அதை முன்நின்று நடத்தி வருகிறார். வெளிநாட்டுப் படங்கள், இந்தியப் படங்கள், இலங்கையின் தமிழ், சிங்களப் படங்கள், ஆவணப்படங்கள், குறும்படங்கள் என்று எல்லாம் கலந்து வரும். பெரிய நட்சத்திரங்களோடு நின்று படம் எடுக்கிற நினைப்பில் போனால் ஏமாந்து போவீர்கள். ஆனால் படத்தை எடுத்தவரே உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்ப்பார். எனக்கு அதுதான் பெரிது.

திகதி, இடம், அனுமதி முறை எல்லாம் விழாவுக்கு விழா மாறும். பல்கலைக்கழகக் கைலாசபதி அரங்கில் பார்த்த படங்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. அந்தந்த விழாவின் அறிவித்தலைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். போன முறை நடந்த இடம்தானே என்று நேரே அங்கே போய் நிற்க வேண்டாம்.

கலைப்படம், சுயாதீனப் படம் இரண்டும் ஒன்றா?

இல்லை. 'சுயாதீனம்' என்பது காசு பற்றிய சொல். பெரிய தயாரிப்பு நிறுவனமோ விநியோகஸ்தரோ மேலே நின்று "பாட்டுப் போடு, சண்டை போடு" என்று சொல்லாமல், எடுக்கிறவர் தன் கையில் இருப்பதையும் கேட்டு வாங்கியதையும் வைத்து எடுப்பது. 'கலைப்படம்' என்பது சொல்லுகிற முறை பற்றியது. இரண்டும் பல நேரம் ஒன்றாகவே வரும், ஆனால் வந்தேயாக வேண்டும் என்றில்லை. கையிலிருந்த கொஞ்சக் காசில் எடுத்த சாதாரண பேய்ப்படமும் சுயாதீனப் படம்தான்.

உதாரணம் வேண்டுமென்றால் இத்தாலியில் 1948 இல் வந்த 'சைக்கிள் திருடர்கள்'. வேலைக்குப் போகத் தேவையான சைக்கிள் களவு போய்விடுகிறது, தகப்பனும் மகனும் ரோம் நகரமெங்கும் அதைத் தேடுகிறார்கள். கதை அவ்வளவுதான். தகப்பனாக நடித்தவர் நடிகர் அல்ல, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. சைக்கிள் இல்லாவிட்டால் வாழ்க்கை நின்றுவிடும் என்பதை யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போர்க்காலத்தில் விறகும் நெல் மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தானே போனார்கள். டைனமோவைச் சுற்றித்தானே வானொலி கேட்டோம்.

எனக்கு விளங்காவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. படித்தவர்களுக்கான படம், நமக்குச் சரிவராது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். இதற்கு என் பெரியம்மாவின் கதையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்குச் சினிமா என்றால் மனோகராவிலும் ராஜாவிலும் பார்த்த எம்.ஜி.ஆர். படங்கள். அப்புறம் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், ஜெனரேற்றரும் வீடியோ தெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடிய விடிய மூன்று நான்கு படம் ஓட்டுவார்களே, அது. ஒரு தடவை துணைக்கு ஆளில்லாமல் அவரை விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கேயோ ஒரு மலைக் கிராமம், இசை இல்லை, பேச்சும் குறைவு. ஒரு வயதான மனுசி மாவைப் பிசைந்து ரொட்டி சுடுகிறார். கமரா அசையவில்லை. மூன்று நான்கு நிமிடம் அதையே காட்டுகிறார்கள். எனக்கு உள்ளுக்குள் பதற்றம், பெரியம்மா எழும்பிவிடுவாரோ என்று. அவர் என் பக்கம் சாய்ந்து, "மா தண்ணி கூடிப்போச்சு. பார், அடியிலை பிடிக்கப் போகுது" என்றார். பிடித்தது. அந்த மனுசி கத்தியால் சுரண்டி எடுத்தார். பெரியம்மா தலையை ஆட்டினார்.

படம் முடிந்து ஓட்டோவில் வரும்போது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கந்தர்மடம் தாண்டினதும் சொன்னார்: "வீட்டிலை இருக்கிறது ரெண்டு பேர். மனுசி மூண்டு ரொட்டி சுட்டவ. பெடியன் வரமாட்டான் எண்டு தெரிஞ்சும் சுட்டவ."

நான் ரொட்டியை எண்ணவேயில்லை. எத்தனையோ விழா பார்த்தவன் நான். மகன் எங்கே போனான் என்று யாராவது வாய் திறந்து சொல்லுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் அடுப்படியிலேயே சொல்லி முடித்துவிட்டது. பெரியம்மாவுக்கு அது நேரே போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் அவர் கதையைத் துரத்தவில்லை, அந்த மனுசியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் 'விளங்குமா' என்ற பயத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். திரையில் இருக்கிற கை, கதவு, சாப்பாட்டுக் கோப்பை, வெளியில் கேட்கிற சத்தம், இவற்றைப் பாருங்கள், கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த வாழ்க்கையே பாதியை விளக்கிவிடும். மீதி விளங்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது. நானும் எத்தனையோ படங்கள் விளங்காமல் வெளியே வந்திருக்கிறேன், அவற்றில் இரண்டு மூன்று இன்னும் என்னை விடவில்லை.

மெதுவாகப் போகிறது, நித்திரை வருகிறது. நித்திரை கொள்ளுங்கள் என்று சொல்வீர்களா?

சொல்வேன். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியே, தன்னைத் தியேட்டரில் தூங்க வைத்துவிட்டு இரவில் விழித்திருந்து யோசிக்க வைத்த படங்களைப் பற்றி மதிப்போடு பேசியிருக்கிறார். குறட்டை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. முதல் இருபது நிமிடம்தான் கஷ்டம். நாள் முழுக்கப் போனில் அரை நிமிடத் துண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்த கண் அது. அது அடங்க நேரம் எடுக்கும். அந்த இருபது நிமிடத்துக்குள் போனை வெளியே எடுத்தால் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து அடங்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவருக்கும் அந்த வெளிச்சம் கண்ணில் குத்தும்.

எழுத்தோட்டம் (சப்டைட்டில்) ஆங்கிலத்தில் ஓடுகிறதே? எனக்கு அவ்வளவு வேகமாக வாசிக்க வராது.

உண்மையான சிக்கல்தான். தமிழ் எழுத்தோட்டம் எல்லாப் படத்துக்கும் இருக்காது. நான் செய்கிற மூன்று வேலைகளைச் சொல்கிறேன். படத்தின் கதைச் சுருக்கத்தை முதலே வாசித்துவிடுவேன். இந்தப் படங்களில் முடிவு தெரிந்தால் சுவை கெட்டுப்போகும் என்ற பயம் அவ்வளவாக இல்லை. இரண்டாவது, எல்லா வரியையும் வாசிக்க முயலமாட்டேன். முகத்தை விட்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் படம் பார்த்ததாகாது, புத்தகம் வாசித்ததாகத்தான் இருக்கும்.

மூன்றாவது இருக்கை. எங்களுடைய மண்டபங்கள் பல, கூட்டம் வைக்கக் கட்டியவை. தரை சமமாக இருக்கும், திரை உயரம் குறைவாக இருக்கும். எழுத்து ஓடுவது திரையின் அடியில். முன்னால் ஒரு உயரமான ஆள் வந்து இருந்தால் அவருடைய தலைதான் உங்களுக்கு வசனம். அதனால் நடைபாதை ஓரக் கதிரையைப் பிடியுங்கள், கொஞ்சம் நேரத்தோடு போங்கள்.

எங்கள் மண்ணில் எடுத்த நல்ல படங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, நாங்கள்தான் மறந்துவிட்டோம். இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

இலங்கையில் முழுநீளத் தமிழ்ப் படங்கள் அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து வருகின்றன. 1972 இல் 'குத்துவிளக்கு' வந்தது. கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்தது. 1977 இல் தர்மசேன பத்திராஜ 'பொன்மணி'யை யாழ்ப்பாணத்திலேயே எடுத்தார். அவர் சிங்களவர், இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். கதை வசனத்தில் காவலூர் இராஜதுரை துணை நின்றார். சாதியையும் சீதனத்தையும் சுற்றி வளைக்காமல் பேசுகிற படம். அடுத்த வருடம், 1978 இல், செங்கை ஆழியானின் நாவலை வைத்து 'வாடைக்காற்று' வந்தது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், சுயாதீன சினிமா ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய சாமான் என்று இங்கே நினைக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்பே நமது ஒழுங்கைகளில் கமராவை வைத்து, நமது பேச்சிலேயே எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் படங்களின் வெள்ளத்தில் அவை நிற்க முடியவில்லை. பிறகு 1983 ஜூலை வந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது, அதோடு படச்சுருள்களும் எரிந்தன. நூலகம் எரிந்ததைப் பற்றி நாங்கள் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். எரிந்த படச்சுருள்களைப் பற்றியும் பேச வேண்டும்.

போருக்குப் பிறகு வந்தவற்றில் முதலில் சொல்ல வேண்டியது அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012). புனர்வாழ்வு முடிந்து ஊருக்குத் திரும்புகிற ஒரு முன்னாள் போராளியின் கதை, தமிழில் எடுத்தது. பிரான்ஸின் கான் திரைப்பட விழாக் காலத்தில் சுயாதீனப் படங்களுக்கென்று நடக்கிற அசிட் பிரிவில் திரையிட்டார்கள். அதில் நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022 இல் காலமானார். அந்தப் படத்தில் அவர் ஊருக்குள் நடந்து வருகிறபோது ஆட்கள் பார்க்கிற பார்வையை நான் இதே ஊரில் நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் அந்தப் படத்தோடு எனக்குச் சில இடங்களில் கோபமும் வந்தது. 'இது இப்படி இல்லையே' என்று மனம் சண்டை பிடித்தது. அந்தச் சண்டையும் படம் பார்ப்பதில் ஒரு பங்குதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால், பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 இல் ரோட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது. ஒரு தகப்பனும் பெடியனும் கொளுத்துகிற வெயிலில் நடந்து போகிறார்கள். எங்கேயாவது திரையிட்டால் விட்டுவிடாதீர்கள்.

சிங்களப் படங்களுக்கு நாங்கள் ஏன் போக வேண்டும்?

போகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் மனம் எனக்குத் தெரியும். எங்களில் பலருக்குச் சிங்களம் முதலில் காதில் விழுந்தது சோதனைச் சாவடியில்.

நான் போனதற்குக் காரணம் ஒரு படம். பிரசன்ன விதானகேயின் 'புர ஹந்த களுவர', 1997 இல் எடுத்தது. ஒரு வறண்ட சிங்களக் கிராமம். கண் தெரியாத ஒரு தகப்பன். இராணுவத்துக்குப் போன மகனின் பெட்டி முத்திரையிட்டு வீட்டுக்கு வருகிறது. மகன் செத்துவிட்டான் என்பதை அந்த மனிதர் ஏற்றுக்கொள்ளவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை. ஜோ அபேவிக்ரம என்ற நடிகர் அதில் பேசுவதே குறைவு, தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறார், குளத்தடியில் இருக்கிறார். அரசாங்கம் 2000 இல் அந்தப் படத்தைத் திரையிட விடாமல் நிறுத்தியது. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அடுத்த வருடம் வெளியே வந்தது.

காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காகத் தெருவோரத்தில் இருக்கிற தாய்மாரைத் தினமும் கடந்து போகிற ஊர் இது. அவர்களுக்கு ஒரு பெட்டிகூட வரவில்லை. இரண்டு துயரமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, ஒன்றல்ல. ஆனால் ஒரு தாள் கொடுத்துக் கதையை முடிக்கப் பார்க்கிற அரசாங்கத்துக்கு முன்னால் 'நான் நம்பமாட்டேன்' என்று ஒரு தகப்பன் நிற்கிறபோது, அந்த நிலை எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

அந்த வரிசையைத் தொடர விரும்பினால் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸிலிருந்து தொடங்கலாம். ஸ்ரூடியோவை விட்டு வெளியே வந்து, உண்மையான கிராமத்தில் 1956 இல் 'ரேகாவ'வை எடுத்தவர். விமுக்தி ஜயசுந்தர 2005 இல் கானில் முதல் படத்துக்கான தங்கக் கமரா விருதை வாங்கினார்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

எல்லாப் படத்துக்கும் இல்லை. நிகழ்ச்சி நிரலில் வயதுக் குறிப்பு இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் அங்கே நிற்கிற தொண்டர்களிடம் கேளுங்கள். குறும்படத் தொகுப்புகள் பிள்ளைகளுக்கு ஏற்றவை, ஒன்று பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். ரியூஷன் ஒரு நாள் விடுபட்டால் பரவாயில்லை.

இரவுக் காட்சிக்குத் தனியாக வரலாமா? பஸ் இருக்குமா?

பருத்தித்துறை, காரைநகர், சாவகச்சேரிப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தை முதலே கேட்டு வையுங்கள். படம் முடிந்த பிறகு நடக்கிற கலந்துரையாடலையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். தூர இடத்துப் பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வது காலைக் காட்சியும் மத்தியானக் காட்சியும்தான். நல்ல படங்கள் அந்த நேரத்திலும் வருகின்றன, கூட்டமும் குறைவு. நான்கைந்து பேர் சேர்ந்து வந்தால் ஒரு ஓட்டோ பேசிக்கொள்ளலாம்.

கச்சான் கொண்டு போகலாமா?

வேண்டாம். இந்தப் படங்களில் ஒருவர் மூச்சு விடுகிற சத்தமே காட்சியாக இருக்கும். இடைவேளையும் பெரும்பாலும் இருக்காது, ஆதலால் ரீ குடிப்பதை முதலே முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்க்கலாம்? எப்படித் தெரிவு செய்வது?

இரண்டு. மூன்றாவது படத்தில் முதல் படத்தின் முகங்கள் வந்து கலந்துவிடும். ஒன்று உங்களுக்குக் கொஞ்சமாவது தெரிந்த இடத்துப் படமாக இருக்கட்டும், மற்றது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத நாட்டுப் படமாக இருக்கட்டும். விருதுப் பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கதைச் சுருக்கத்தில் ஒரு தொழில், ஒரு ஊர், ஒரு பொருள் தெளிவாகச் சொல்லியிருந்தால் அதற்குப் போவேன். 'மனித மனங்களின் ஆழத்தை ஆராயும் படைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் யோசிப்பேன்.

படம் முடிந்ததும் கலந்துரையாடல் என்கிறார்களே, அதில் நான் என்ன கேட்பது?

தயவுசெய்து எழும்பிப் போய்விடாதீர்கள். விழாவுக்கும் வீட்டில் படம் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசமே அந்த அரை மணித்தியாலம்தான்.

ஒரு தடவை ஒரு இளம் இயக்குநரின் குறும்படம். கடற்கரைக் கிராமத்தில் ஒரு தாய், மகள் வெளிநாடு போகிற நாள். முடிந்ததும் ஒரு பெரியவர் ஒலிவாங்கியை வாங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் தமிழ்ச் சினிமாவின் வீழ்ச்சி பற்றிப் பேசினார். அவர் சொன்னதில் பிழையில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் பின் வரிசையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழும்பி, "அந்த அம்மா அறைக் கதவைச் சாத்தேக்கை கமரா ஏன் உள்ளுக்குப் போகேல்லை?" என்று கேட்டாள்.

இயக்குநர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார், அது உண்மையிலேயே அந்த அம்மாவின் வீடு. அவருடைய சொந்த மகள் அதற்கு முதல் மாதம்தான் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவர் அழுதது கதையில் எழுதியிருந்ததல்ல. "கமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளை போக எனக்கு மனம் வரேல்லை, தங்கச்சி."

அந்த ஒரு கேள்வியால் நாங்கள் பார்த்து முடித்த படத்தைத் திரும்பவும் மனதில் முதலிலிருந்து பார்த்தோம். 'இந்தப் படத்தால் நீங்கள் சொல்ல வரும் கருத்து என்ன' என்று கேட்டால் இயக்குநரும் பாடமாக்கிய பதிலைத்தான் தருவார். நீங்கள் கண்ட ஒரு பொருளை, கேட்ட ஒரு சத்தத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருந்தால் வெளியே வந்து, மரத்தடியில் அவர் தனியே நிற்கிற நேரம் பார்த்துக் கேளுங்கள். அவர்களுக்கும் அது சந்தோசம்.

விழா இல்லாத மாதங்களில் என்ன செய்வது?

முபி போன்ற இணையத் தளங்களில் காசு கட்டிப் பார்க்கலாம். ஆனால் தனியே போனில் பார்ப்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். எங்கள் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு விறாந்தையில் படம் போடுகிறோம். இரவல் புரொஜெக்டர், சுவரில் கரை இல்லாத வெள்ளை வேட்டி. இளம் இயக்குநர்களிடம் அவர்களுடைய படத்தைத் தரச் சொல்லி நேரே கேட்டிருக்கிறோம், இதுவரை யாரும் மறுக்கவில்லை. கேட்காமல் போடுவதில்லை.

நானும் ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். அனுப்பலாமா?

அனுப்புங்கள். விதிகளைக் கவனமாக வாசியுங்கள், நீளம் முக்கியம். ஒஸ்கார் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம், பல விழாக்கள் அதை விடக் குறைவாகக் கேட்கும். ஆங்கில எழுத்தோட்டத்தைப் படத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். இளையராஜா பாட்டை அனுமதி இல்லாமல் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு எவ்வளவு பிடித்தாலும் அது வேறொருவரின் உரிமை, அதனாலேயே நல்ல படமும் திரையேறாமல் போகும்.

இன்னொன்று, பல வருடம் பார்த்ததில் சொல்கிறேன். நம்முடைய பிள்ளைகள் கமராவுக்குக் காசு தேடுகிறார்கள், ட்ரோன் வாடகைக்கு எடுக்கிறார்கள், பனங்காட்டுக்கு மேலே பறந்துதான் படம் தொடங்குகிறது. சத்தத்தை மட்டும் கவனிக்கிறார்கள் இல்லை. அடுத்த வீட்டுத் தண்ணீர்ப் பம்பின் இரைச்சலில் அம்மா பேசுகிற முக்கியமான வசனம் போய்விடும். ஒரு நல்ல ஒலிவாங்கியை இரவலாவது வாங்குங்கள். எடுக்கப்போகிற இடத்தில் முதல் நாள் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து, என்னென்ன கேட்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கோயில் மணி எத்தனை மணிக்கு, மீன்காரர் எத்தனை மணிக்கு, பம்ப் எத்தனை மணிக்கு. அதற்குப் பிறகு கமராவை வெளியே எடுங்கள்.